மௌனமும் நகையும்: மதுரை வட்டாரக் கதைமரபில் ஞானத்தின் சோதனை

ஆய்வுச்சுருக்கம்

மௌனத்தின் வழியே ஞானம் தேடுதல் என்னும் கருத்து தமிழ் மரபில் போற்றுதலுக்கும் நகைப்புக்கும் ஒருங்கே இடமாகியுள்ளது. மதுரையோடு தொடர்புடைய மூன்று கதைகளை இக்கட்டுரை ஒப்பிட்டு நோக்குகிறது. அவை, இறையனார் களவியல் உரை கூறும் உருத்திரசன்மன் வரலாறு, வீரமாமுனிவரின் பரமார்த்த குருவின் கதை, மதுரையிலிருந்து திருவண்ணாமலை சென்ற ரமண மகரிஷியின் தொடக்ககால வாழ்வு என்பன. மெய்யான மௌனத்தையும் வெறும் வாயடைப்பையும் வேறுபடுத்தும் அளவுகோலை இம்மரபு எவ்வாறு அமைத்துக்கொண்டது என்பதே ஆய்வுப்பொருள்.

திறவுச்சொற்கள்: மௌனம், நகை, மெய்ப்பாடு, உருத்திரசன்மன், பரமார்த்த குரு, பத்தாமவன், ரமணர், மதுரை

முன்னுரை

கல்லாதவரும் கற்றோர் முன்னிலையில் வாய் திறவாதிருந்தால் மிக நல்லவராகவே கொள்ளப்படுவர் என்கிறது திருக்குறளின் கல்லாமை அதிகாரம் (குறள் 403). கொன்றைவேந்தனோ ஞானத்தின் எல்லையாகவே மோனத்தை வைக்கிறது. இவ்விரு கூற்றுகளையும் அடுத்தடுத்து வைத்தால் ஓர் இடர்ப்பாடு புலப்படும். பேசாதிருப்பவர் பேச்சைக் கடந்தவரா, பேச ஒன்றும் இல்லாதவரா? புறத்தோற்றத்தில் இருவரும் ஒருவரே. அவையில் அமைதியாக அமர்ந்திருக்கும் அறிவிலியையும் மரத்தடியில் அமைதியாக அமர்ந்திருக்கும் அறிவரையும் கண்ணால் மட்டும் பிரித்தறிதல் இயலாது.

பேசாச் சாமியாரைப் பற்றிய நகைச்சுவைகள் எல்லாம் இவ்விடர்ப்பாட்டிலிருந்தே பிறக்கின்றன. மௌனத்தைத் தேடிச் சென்று ஏமாறும் சீடர், ஏதுமறியாது அமர்ந்திருந்து குருவாகிவிடும் மனிதர் எனப் பாத்திரங்கள் மாறினாலும் நகைப்பின் வேர் ஒன்றே. இத்தகைய நகைப்பைச் சமயத்துக்கு எதிரானதாகக் கருதுவது எளிது. ஆனால் மதுரை வட்டாரத்தின் கதைகளை வரலாற்று வரிசையில் வைத்து நோக்கினால், நகைப்பு மௌனத்தைத் தகர்ப்பதற்காக வந்ததன்று, தரம் பிரிப்பதற்காக வந்தது என்பது தெளிவாகும்.

1. தீர்ப்பளித்த ஊமைச்சிறுவன்

மதுரையின் மௌனக் கதைகளுள் தொன்மையானது இறையனார் களவியல் உரையில் இடம்பெறுவது. பாண்டிய நாட்டில் பன்னீர்யாண்டு வற்கடம் நேர்ந்தபோது அரசன் புலவர்களை வேற்றுநாடுகளுக்கு அனுப்பிவிடுகிறான். மழை பெய்து நாடு தேறியபின் அவர்களைத் தேடுவிக்கும்போது எழுத்தும் சொல்லும் யாப்பும் வல்லார் கிடைக்கின்றனர். பொருளதிகாரம் வல்லார் கிடைக்கவில்லை. அரசன் வருந்துகிறான். ஆலவாய் இறைவன் அறுபது நூற்பாக்களைச் செப்பிதழ்களில் எழுதித் தன் பீடத்தின்கீழ் இடுகிறான். நூல் கிடைத்துவிட்டது. ஆனால் அதற்குப் புலவர்கள் கண்ட உரைகள் பலவாகி, எது மெய்யுரை என்னும் பூசல் எழுகிறது.

இப்பூசலைத் தீர்க்கும் நடுவனாகச் சங்கப் புலவர்களுக்குக் கிடைப்பவன் உப்பூரிகுடி கிழாரின் மகன் உருத்திரசன்மன். ஐந்து வயதுச் சிறுவன், அவனும் ஊமை. நாற்பத்தொன்பது புலவர்கள் ஒரு பேசாக் குழந்தையை உயர்ந்த இருக்கையில் அமர்த்தி, வெண்ணிற ஆடையும் பூவும் சாந்தும் அணிவித்து, அதன் முன்னே ஒருவர்பின் ஒருவராகத் தம் உரைகளைப் படிக்கின்றனர். கல்விச்செருக்கு மிக்க அவை ஒன்று பேசத்தெரியாத பிள்ளையின் முகம் பார்த்துக் காத்திருக்கும் இக்காட்சியில் நகைக்கத்தக்க கூறு இல்லாமலில்லை. உரைநூல் அதை நகையாக வளர்க்கவில்லை. எனினும் கல்வியின் பெருமிதத்தை அடக்கும் ஓர் இயல்பான முரணை அது அப்படியே விட்டுவைத்திருக்கிறது.

சிறுவன் பெரும்பாலான உரைகளை அசைவின்றிக் கேட்கிறான். மருதன் இளநாகனார் உரைத்தபோது சிற்சில இடங்களில் கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் சிலிர்க்கிறான். கணக்காயனார் மகனார் நக்கீரர் உரைத்தபோதோ பதந்தோறும் அவ்வாறு நிகழ்கிறது. அதுவே மெய்யுரை எனப் புலவர் தெளிகின்றனர்.

இங்குக் கருதத்தக்கவை இரண்டு. முதலாவது, தீர்ப்பைத் தந்தது மௌனம் மட்டுமன்று. மௌனத்தினூடே உடலில் வெளிப்பட்ட குறி. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் அடிப்படைக் கொள்கையும் இதுவே. உள்ளத்து நிகழ்வது பிறர் அறியுமாறு மெய்யின்கண் தோன்றும்போதே அது மெய்ப்பாடு எனப்படும். உருத்திரசன்மனின் கண்ணீரும் மயிர்ச்சிலிர்ப்பும் அவையோர் அனைவரும் காணத்தக்க சான்றுகள். அவன் ஓர் உரைக்கும் அசையாதிருந்திருப்பின் அவனுடைய மௌனம் வெறும் ஊமைமையாகவே எஞ்சியிருக்கும். எல்லா உரைக்கும் ஒரேவகையாகக் கண்ணீர் சொரிந்திருப்பினும் பயனில்லை. வேறுபாடு காட்டியதனாலேயே அவன் நடுவனாகிறான்.

இரண்டாவது, உரைநூல் தானே இடும் ஒரு திருத்தம். இந்நூலுக்கு உருத்திரசன்மனே உரை செய்தான் என்று கூறுவாரும் இருந்தனர் என்பதை அது குறிப்பிட்டு, அவன் உரை செய்திலன், மெய்யுரையைக் கேட்டவனே என மறுக்கிறது. பேசாதிருந்தவன்மேல் ஆசிரியப் பட்டத்தையே ஏற்றிவிடும் போக்கு அக்காலத்திலேயே இருந்தது என்பதற்கு இம்மறுப்பு சான்றாகிறது. மௌனம் தன்னைச் சூழ்ந்தோரின் கற்பனையால் வீங்கும் தன்மையது. அவ்வீக்கத்தை உரைநூல் ஏற்க மறுத்து, சிறுவனுக்கு உரியது கேள்வியே எனப் பங்கை வரையறுக்கிறது.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் இவ்வரலாற்றைச் சங்கத்தார் கலகந்தீர்த்த திருவிளையாடலாக 55-ஆவது இடத்தில் வைக்கிறது. அங்குச் சிறுவன் வணிகர்குலத் தனபதியின் மகன். ஊரும் குலமும் மாறினும் ஊமைமையும் தீர்ப்பும் மாறவில்லை. மதுரை தன் தமிழ்ப் பெருமையின் நடுவே ஒரு பேசாப் பிள்ளையை விடாது வைத்துக்கொண்டது.

2. ஒரே நூற்றாண்டு, இரு குருமார்

நாயக்கர் ஆட்சியின் இறுதிக்காலத்தில் மதுரை அரசின் தலைநகர் திருச்சிராப்பள்ளியில் இருந்தது. விசயரங்க சொக்கநாதர் (1706–1732) அவையில் பணியாற்றியவர் என மரபு கூறும் தாயுமானவர், அந்நகரின் சாரமாமுனிவர் மடத்தைச் சார்ந்த மௌனகுருவைத் தம் ஆசானாகக் கொண்டவர். அரண்மனைக் கணக்கும் வழக்கும் சூழ்ந்த வாழ்விலிருந்து சும்மா இருத்தல் என்னும் நிலையை நோக்கி அவர் திரும்பியதை அவர்தம் பாடல்கள் காட்டுகின்றன. மௌனகுருவுக்கெனத் தனி வணக்கமே அவர் பாடியுள்ளார்.

ஏறத்தாழ இதே காலத்தில், மதுரை மிஷனைச் சேர்ந்த வீரமாமுனிவர் (1680–1747) பரமார்த்த குருவின் கதையை எழுதினார். மதுரை மிஷன் என்பது 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் டி நொபிலியிடம் தொடங்கிய சேசு சபைப் பணி. நொபிலி துறவியர்க்குரிய உடையும் உணவும் ஏற்று வாழ்ந்தார். வீரமாமுனிவரும் அம்மரபில் வந்தவர். ஆகவே, குரு என்னும் வடிவத்தைப் புறத்திருந்து மட்டும் கண்டவராக அவரைக் கொள்ள இயலாது. அவ்வடிவத்தைத் தாமே ஏற்று நடந்தவர் அவர். ஒருவர் மௌனகுருவைப் பாட, மற்றொருவர் மதிகெட்ட குருவைக் கதையாக்கினார் என்பது ஒரே சமூகச்சூழலின் இரு விளைவுகளாகக் கருதத்தக்கது. குருவை நாடுவோர் மிகுந்த காலத்தில் குருவைப் பற்றிய ஐயமும் மிகும்.

இக்கதை பேச்சுவழக்குக்கு நெருங்கிய உரைநடையில் அமைந்து, தமிழ் கற்க வந்த ஐரோப்பியர்க்குப் பயிற்சிநூலாகவும் பயன்பட்டது. 1822-இல் பெஞ்சமின் பாபிங்டன் ஆங்கில மொழிபெயர்ப்புடன் இதனை இலண்டனில் பதிப்பித்தார். தமிழ் உரைநடை வளர்ச்சியில் இந்நூலின் இடம் பலராலும் பேசப்பட்டது. அதன் மௌனக் காட்சி அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை.

3. உறங்கும் ஆறும் எண்ணிக்கை மறந்த சீடரும்

பரமார்த்த குருவுக்குச் சீடர் ஐவர்: மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். இவர்கள் ஓர் ஆற்றைக் கடக்கவேண்டும். ஆறு விழித்திருக்கையில் கொடியது, உறங்குகையிலேயே கடக்கவேண்டும் என்பது அவர்கள் துணிபு. ஒரு சீடன் எரியும் கொள்ளிக்கட்டையை நீரில் தோய்க்கிறான். நீர் சீறிப் புகைகிறது. ஆறு விழித்திருக்கிறது என அஞ்சி ஓடுகின்றனர். காத்திருக்கும் வேளையில் ஆற்றின் கொடுமைக்குச் சான்றாகப் பழங்கதைகள் பேசப்படுகின்றன. உப்புமூட்டை ஏற்றிய கழுதைகள் ஆற்றில் இறங்கியபோது ஆறு உப்பையெல்லாம் தின்றுவிட்டதாம். பின்னர் அணைந்துபோன அதே கட்டையைத் தோய்த்துப் பார்க்க, ஓசையில்லை. ஆறு உறங்கிவிட்டது எனத் தேர்ந்து, எவரும் வாய் திறவாமல், அடிச்சுவடும் கேளாதபடி மெல்ல மெல்லக் கடந்து கரையேறுகின்றனர்.

ஒரு குருவும் ஐந்து சீடரும் முழு ஒருமையோடும் அடக்கத்தோடும் காத்த மௌனம் இது. புறத்தே நோக்கின் எந்த மடத்துச் சீடரும் இதனினும் செம்மையாக மௌனம் காத்திருக்க இயலாது. அதன் உள்ளீடோ அச்சம். நகை பிறப்பது இவ்விடத்தில்தான். மௌனத்தின் வடிவம் முழுமையாக இருக்க, அதற்கான காரணம் மட்டும் பொய்யாக இருக்கிறது.

நகை பிறக்கும் களன்களாக மெய்ப்பாட்டியல் கூறும் நான்கனுள் பேதைமையும் மடமையும் அடங்கும். சீடருள் இருவர் பெயரே பேதை, மடையன் என்றிருப்பது கருதத்தக்க ஒற்றுமை. வீரமாமுனிவர் ஐந்திலக்கணமும் கற்றுத் தொன்னூல் விளக்கம் இயற்றியவர். எனினும் பெயர்த்தேர்வுக்கு மெய்ப்பாட்டியலே மூலம் என உறுதிப்படுத்தச் சான்றில்லை. பேச்சுவழக்கில் பயிலும் வசைச்சொற்களாகவும் அவை இருந்தன.

கரையேறியபின் நிகழ்வது யாவரும் அறிந்தது. ஒருவன் எண்ணுகிறான், தன்னை விடுத்து ஐவரையே காண்கிறான். மற்றவர் எண்ணினும் அவ்வாறே. ஒருவரை ஆறு விழுங்கிவிட்டது என அலறுகின்றனர். அதுவரை காத்த மௌனம் ஒரு நொடியில் ஒப்பாரியாகிறது. வழிப்போக்கன் ஒருவன் கைப்பணத்தைப் பெற்றுக்கொண்டு, ஒவ்வொருவர் முதுகிலும் தடியால் அடித்து எண்ணச்செய்து, அறுவரையும் மீட்டுத்தருகிறான்.

இக்கதைக்கூறு வீரமாமுனிவர்க்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தின் கோத்தம் ஊர் மூடர்களைப் பற்றிய கதைத்தொகுப்பிலும் தன்னை எண்ண மறந்த பன்னிருவர் வருகின்றனர். அதனினும் முதன்மையாக, அத்வைத வேதாந்த நூல்களில் பத்தாமவன் எடுத்துக்காட்டு என இது நெடுங்காலமாக வழங்கிவந்தது. சங்கரரின் உபதேச சாகசிரியிலும், 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பஞ்சதசியின் ஏழாம் பகுதியிலும் அது எடுத்தாளப்படுகிறது. ஆற்றைக் கடந்த பதின்மர் ஒன்பதின்மரையே எண்ணி அழ, பத்தாமவன் நீயே என அறிந்தோன் ஒருவன் உணர்த்துகிறான். தேடப்படும் பொருள் தேடுபவனே என்பது அதன் கருத்து.

ஒரே கதை ஒரு நூலில் பேதைமைக்கும் மற்றொரு நூலில் ஞானத்துக்கும் சான்றாகிறது. வேறுபாடு முடிவில் உள்ளது. வேதாந்தக் கதையில் எண்ணிக்கை தெளிந்தவன் தன்னை அறிந்தவனாகிறான். பரமார்த்த குருவின் சீடரோ அடிபட்டும் அறியவில்லை. ஆள் கிடைத்துவிட்டான் என மகிழ்ந்து அடுத்த பேதைமைக்கு, குதிரை முட்டை என எண்ணிப் பூசணிக்காய் வாங்குவது போன்றவற்றுக்கு, நகர்கின்றனர். ஆசனம் குளிர்ந்தால் மரணம் என்னும் முன்னறிவிப்பை நம்பியே குருவின் கதையும் முடிகிறது. மௌனம் காத்தனர், ஒருவனைத் தேடினர், மீட்டனர், ஒன்றும் மாறவில்லை. பொய்ம்மௌனத்தின் இலக்கணம் இதுவெனலாம்.

4. சொக்கப்ப நாயக்கன் தெருவிலிருந்து

பத்தாமவன் கதையை 20-ஆம் நூற்றாண்டில் மீண்டும் வழக்குக்குக் கொணர்ந்தவர்களுள் முதன்மையானவர் ரமணர். அவருடைய மௌனத்தின் தொடக்கம் மதுரையில் உள்ளது. 1879 டிசம்பர் 30-இல் திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன், 1892-இல் தந்தை இறந்தபின் மதுரையில் சிறிய தந்தையின் வீட்டில் வளர்ந்தார். மீனாட்சியம்மன் கோயிலுக்கு அருகே சொக்கப்ப நாயக்கன் தெருவில் இருந்த அவ்வீட்டு மாடியில், 1896 ஜூலையில், பதினாறு வயதில், திடீரெனத் தோன்றிய மரண அச்சத்தை அவர் எதிர்கொண்டார். உடல் விறைத்துக் கிடப்பதாகப் பாவித்து, இறப்பது எது, எஞ்சுவது எது என உள்நோக்கினார். எண்ண மறந்த ஒருவனை எண்ணிப்பார்த்தல் என இதனைக் கூறினும் தகும்.

அதன்பின் படிப்பில் நாட்டம் குறைந்தது. தண்டனையாக விதிக்கப்பட்ட ஆங்கில இலக்கணப் பாடத்தைப் படியெடுத்துக்கொண்டிருந்தவர், இடையில் அதை விலக்கிக் கண்மூடி அமர்ந்தார். இப்படி இருப்பவனுக்கு இவையெல்லாம் எதற்கு என்னும் பொருள்பட அண்ணன் நாகசாமி இடித்துரைத்தார். பி.வி. நரசிம்மசுவாமி 1931-இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு இதனைப் பதிவுசெய்கிறது. குத்தலாக எறியப்பட்ட அச்சொல்லை இளைஞர் உண்மையான வினாவாகவே ஏற்றார். 1896 ஆகஸ்ட் 29-இல், அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்கான ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு இரண்டைக் கடிதத்தோடு விட்டுச் சென்றார். அக்கடிதம் தன்னைக் குறிக்கும் சொல்லோடு தொடங்கி, இடையில் அஃறிணைச் சுட்டுக்கு மாறி, கையொப்பமின்றி முடிகிறது. மௌனத்தின் வாயிலில் நின்றது ஒரு நையாண்டிச் சொல் என்பது இவ்வாய்வுக்கு இன்றியமையாத செய்தி.

செப்டம்பர் 1-இல் திருவண்ணாமலை சேர்ந்தபின் அவர் ஏறத்தாழப் பேச்சற்றவராக இருந்தார். கோயிலில் சிறுவர்கள் அவர்மீது கல்லெறிந்தனர். பேசாதவரைக் கண்டால் சோதித்துப் பார்க்கும் ஊர்வழக்கம் அதில் வெளிப்படுகிறது. அம்மௌனம் நோன்பாக ஏற்கப்பட்டதன்று, பேசத் தோன்றாமையால் அமைந்தது எனப் பின்னாளில் அவரே விளக்கினார்.

இம்மௌனத்தின் கடுஞ்சோதனை 1898-இன் இறுதியில் வந்தது. தாய் அழகம்மாள் மூத்த மகனோடு தேடிவந்து, வீடு திரும்புமாறு நாள்தோறும் அழுது வேண்டினார். மகன் வாய் திறக்கவில்லை. அருகிருந்தோர் வற்புறுத்தவே, நடக்கவேண்டியது நடந்தே தீரும் என்னும் கருத்தில் தாளில் எழுதிக் கொடுத்தார். தாய் தனியே திரும்பினார். இந்நிகழ்ச்சியை ஞானத்தின் வெற்றியாக மட்டும் எழுதிச் செல்லுதல் வரலாற்றுக்கு நேர்மையாகாது. உருத்திரசன்மனின் மௌனத்தில் கண்ணீர் கேட்டவனுடையது. இங்கோ கண்ணீர் கேட்டவருடையதன்று, வேண்டியவருடையது. அம்மௌனத்தின் விலையைத் தாய் செலுத்தினார். 1916-இல் அவர் நிலையாக வந்து மகனருகில் தங்கி, 1922-இல் அங்கேயே மறைந்தார் என்பது அவ்விலையை அழித்துவிடாது. ஆனால் அம்மௌனம் உறவை முற்றிலும் அடைத்துவிடவில்லை என்பதைக் காட்டும்.

1902-இல் சிவப்பிரகாசம் பிள்ளை வினவியபோது மணலிலும் பலகையிலும் எழுதிக் காட்டிய விடைகளே 1923-இல் நான் யார் என்னும் நூலாயின. ஊமைச்சிறுவனின் மெய்ம்மயிர்போல, இங்கு மணலெழுத்து மௌனத்தின் புறச்சான்றாகிறது. கேட்டவருக்கு விடை கிடைத்தது. சனகாதி முனிவர்க்குப் பேசாமலே உணர்த்திய தட்சிணாமூர்த்தி மரபிலும் வினாவுடைய நால்வர் எதிரே இருக்கின்றனர் என்பது நினைக்கத்தக்கது.

பிற்காலத்தில் ரமணர் பேசினார், கதை சொன்னார், நகைக்கவும் செய்தார். 1939-இல் வெளிவந்த மகரிஷியின் வாய்மொழித் தொகுப்பில் ஆற்றைக் கடந்த பதின்மர் கதை இடம்பெறுகிறது. அங்கும் வழிப்போக்கன் ஒவ்வொருவரையும் அடித்தே எண்ணச் செய்கிறான். பரமார்த்த குருவின் முதுகில் விழுந்த அதே அடி. ஞானம் தேடி வந்தோர்க்குச் சொல்லப்பட்ட அக்கதையில் மூடர் வேறெவரும் அல்லர், கேட்டுக்கொண்டிருந்தோரே. நகை இங்குப் பிறரை எள்ளுவதிலிருந்து தன்னை அறிவதாக இடம்பெயர்கிறது.

5. திரையில் எஞ்சியதும் விடுபட்டதும்

மதுரைக் கதைமரபு பெருந்திரளான மக்களை அடைந்தது திரைப்படத்தின் வழியே. ஏ.பி. நாகராசன் இயக்கிய திருவிளையாடல் (1965) புராணத்தினின்று சில கதைகளைத் தேர்ந்தது. அவற்றுள் நாகேசு நடித்த தருமி, தமிழ் நகைச்சுவைப் பாத்திரங்களுள் நிலைபேறு பெற்றார். ஆலவாய்க் கோயிலில் தனியே நின்று புலம்பும் அவருக்கு எதிரே இறைவன் பேசாமலிருக்கிறான். அம்மௌனம் பொறுக்கமாட்டாமல் பேச்சு பெருகுவதே அக்காட்சியின் நகை. தருமி கதைக்கு மூன்று படலம் பின்னர் வரும் ஊமைச்சிறுவனோ அப்படத்தில் இடம்பெறவில்லை. சங்கம் என்றதும் வாதமும் சொல்வன்மையும் நினைவுக்கு வரும் அளவுக்கு, அச்சங்கத்தின் வழக்கைத் தீர்த்தது ஒரு பேசாப் பிள்ளை என்பது பொதுநினைவிலிருந்து நழுவியது.

முடிவுரை

மூன்று கதைகளையும் ஒருங்குவைத்து நோக்க, மௌனத்தை அளக்கும் கோல் ஒன்று புலனாகிறது. உருத்திரசன்மனின் மௌனம் ஒரு பூசலுக்கு விடை தந்தது. ரமணரின் மௌனம், தாயின் கண்ணீர் முன் ஆறாத கேள்வியொன்றை விட்டுவைத்தாலும், வினாவோடு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பவில்லை. பரமார்த்த குருவின் மௌனம் எவர்க்கும் எதற்கும் விடையாகவில்லை. அது ஆற்றுக்கு அஞ்சி அடக்கிய மூச்சு. ஆகவே மௌனம் தன்னளவில் ஞானமும் அன்று, பேதைமையும் அன்று. எதிரே இருப்பவரிடத்து அது நிகழ்த்துவதைக் கொண்டே அதன் தரம் அறியப்பட்டது.

அவ்வாறு அறியும் பணியில் நகைக்குப் பங்குண்டு. களவியல் உரை உருத்திரசன்மனுக்கு ஆசிரியப் பட்டத்தை மறுத்தது. பரமார்த்த குருவின் கதை மௌனத்தின் புறவடிவை மட்டும் காட்டி அதன் வெறுமையைத் திறந்தது. ரமணர் மூடர் கதையைத் தம் அவையிலேயே சொன்னார். மௌனத்தை மிகவும் மதித்த மரபே அதனைக் கேள்விக்கு உட்படுத்தும் நகையையும் பேணிவந்துள்ளது. ஆற்றங்கரையில் நின்ற வழிப்போக்கனின் தடி இரு மரபுக்கும் பொதுவானது. அடிபட்டவர் தம்மையும் சேர்த்து எண்ணினரா என்பதே எஞ்சும் வேறுபாடு.